இரண்டாவது அரைவட்டம்

என் தீசிஸின் மூன்றாவது அத்தியாயம் ஒரு சின்ன மேட்டை நம்பி நின்றுகொண்டிருந்தது. வயல் மேடு இல்லை, கம்ப்யூட்டர் திரையில் புள்ளி புள்ளியாக எழும்புகிற மேடு. அது இருந்தால் அத்தியாயம் உண்டு. அத்தியாயம் இருந்தால் மே மாதம் என் கைடு ரிட்டயர் ஆவதற்குள் தீசிஸைக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் புது கைடைத் தேடிப் பிடித்து, அவருக்கு ஆதியிலிருந்து எல்லாவற்றையும் விளக்கி, அவர் மனசு வைக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

வேலை இதுதான். பாகூர் பக்கம் போர்த்தண்ணீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. உள்ளே இறக்கிய இரும்புப் பைப்பைச் சில வருஷம் கழித்து மேலே இழுத்தால் சல்லடையாக வரும். நொச்சி இலைச் சாற்றைத் தண்ணீரில் கலந்தால் இரும்பு துருப்பிடிப்பது குறையுமா என்று நான் பார்க்கிறேன். இதற்குப் போய் இத்தனை வருஷமா என்று கேட்காதவர்கள் எங்கள் ஊர் உறுவையாற்றில் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் உப்பு வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "இன்னும் படிச்சிக்கினேதான் கீறியா?" என்பார்கள். ஆமாம் என்று அப்பளத்தை நொறுக்குவேன்.

எங்கள் வீட்டில் அப்படிக் கேட்காத ஒரே ஆள் அம்மா. அவளுக்கு என் படிப்பு சுலபமாகப் புரிந்திருந்தது. "இரும்பு துருப் புடிக்காம இருக்கிறதுக்குப் படிக்கிறா" என்று எல்லோரிடமும் சொல்வாள். ஆராய்ச்சிக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

அளக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தகட்டைத் தண்ணீரில் முக்கி, மிகச் சின்ன வோல்டேஜைக் கொடுத்து ஆட்ட வேண்டும். முதலில் படு வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக. ஒவ்வொரு வேகத்துக்கும் தகடு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று மெஷின் எழுதிக்கொள்ளும். அந்த முரண்டுக்குத்தான் இம்பிடன்ஸ் என்று பெயர். புள்ளிகளை வரைந்தால் ஒரு அரைவட்டம் வரும், சில சமயம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டு வரும். பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டி, கேட்கிற சத்தத்தை வைத்து உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று சொல்வது போன்ற வேலை.

அடுத்து, அதே மாதிரி பதில் சொல்லும் ஒரு சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். இங்கே ஒரு ரெசிஸ்டர், அங்கே ஒரு கெப்பாசிட்டர் என்று எலிமெண்டுகளைக் கோத்து. தகட்டுக்குள் அப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் சர்க்யூட் போடும் கோடு நம் புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்தால், அதை வைத்து இரும்பைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம். இதில் ஒரு வம்பு உண்டு. கோடு ஒட்டவில்லையா, இன்னொரு எலிமெண்டைச் சேர்த்தால் ஒட்டிவிடும். மேலும் ஒன்றைச் சேர்த்தால் அச்சு அசலாக ஒட்டும். சாஃப்ட்வேருக்கு வெட்கம் மானம் கிடையாது, எதைக் கொடுத்தாலும் ஒட்டித் தரும். உள்ளே ஒரே அறைதான் இருக்கும், நாம் மூன்று அறைக்குச் சாவி செய்துகொண்டு நிற்போம்.

அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சர்க்யூட்டைக் கொண்டுவருகிறவர், அதில் உள்ள ஒவ்வொரு எலிமெண்டும் பாத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இது தண்ணீர், இது இரும்பின் மேல்தோல், இது துரு. தொட்டுக் காட்ட முடியாத எலிமெண்டை அங்கேயே அழித்துவிட வேண்டும். கைடு ஆரம்பித்து வைத்த வழக்கம், ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் வாருவதற்குத்தான் அதிகம் பயன்பட்டது.

ஆயுத பூஜைக்கு முன்னால், இலைச்சாறு கலக்காத வெறும் போர்த்தண்ணீரில் சில தகடுகளை அளந்து முடித்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஒரு அரைவட்டம். எதிர்பார்த்ததுதான். அடுத்து இலைச்சாற்றில் அளக்க வேண்டிய தகடுகளை உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடினேன். அதற்குள் லீவு வந்துவிட்டது. லீவில் லேபில் ஏசியை நிறுத்திவிடுவார்கள், மழைக்காலத்து ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே துரு வந்துவிடும். அதனால் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அன்று வீடு அமளியாக இருந்தது. மம்முட்டி, கடப்பாரை, அருவா எல்லாவற்றையும் அப்பா பம்புசெட்டில் கழுவிக் கொண்டுவந்து போட்டிருந்தார். தம்பி பைக்குக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தான். அம்மா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு இரும்பாக எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் அடுக்கினாள்.

"உங்கப்பாவுக்கு மம்முட்டி, உன் தம்பிக்கு பைக்கு, எனக்கு அருவாமணை. உனுக்கு இன்னாடி ஆயுதம்?" என்று கேட்டாள்.

"எனக்கு மெஷின்மா. அத்தத் தூக்கினு வந்தா போலீஸ் பின்னாலயே வரும்."

"கைல இன்னா பொட்டி?"

"தகடு."

"இரும்புதான? வெச்சிட்டுப் போய் குளி."

பெட்டியைப் படையல் ஓரத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சாம்பிராணிப் புகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொரியும் கடலையும் தின்றேன். படைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது பெட்டி மூடி போட்டு என் பையின் மேல் இருந்தது.

"உன் தகடு இனிமே துருப் புடிக்காதுடி. நல்லா பாத்துட்டேன்" என்றாள் அம்மா.

சாமியிடம் வேண்டிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். லீவு முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அந்தத் தகடுகளைத்தான் இலைச்சாறு கலந்த தண்ணீரில் இறக்கினேன். ஒரு மணி நேரம் ஊறவிட்டு அளப்பது எங்கள் முறை. திரையில் பெரிய அரைவட்டத்துக்கு இடது பக்கத்தில், முதலில் ஒரு சின்ன மேடு எழுந்தது. இன்னொரு தகட்டை இறக்கினேன், அதிலும் மேடு. ஒரு எலிமெண்ட் போட்ட சர்க்யூட் அதில் ஒட்டவே மாட்டேன் என்றது. படலத்துக்கு ஒன்று சேர்த்து இரண்டாகப் போட்டதும் கோடு புள்ளியின் மேல் படுத்துக்கொண்டது. கைடு மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவர் பாகூர்க்காரர், சந்தோஷம் வந்தால் வகுப்புத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"இன்னாம்மா இது, சூப்பரா கீது. நொச்சி இரும்பு மேல படலம் போட்டுடுச்சு. எங்க, தொட்டுக் காட்டு" என்றார்.

தகட்டின் மேல் விரல் வைத்தேன். "இங்க சார்."

அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் அவர் செலவில் டீயும் வடையும் வந்தன. வீட்டில் சொன்னேன். "வந்துடுச்சா? நான்தான் சொன்னேன்ல" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. அவளுக்கு எல்லாமே முன்கூட்டியே தெரிந்த மாதிரிதான் பேசுவாள். அதை யார் கண்டுகொண்டார்கள்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அம்மா செத்துப்போனாள். காலையில் கரும்புத் தோட்டத்தில் ஆட்களுக்கு டீ கொடுத்துவிட்டு வந்தவள், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே முகம் கொஞ்சம் கோபமாக இருந்த மாதிரி இருந்தது. பெட்டியின் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருந்தது. இது ஐம்பது ஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் லைனிலிருந்து வரும் ஐம்பது ஹெர்ட்ஸ் எங்கள் அளவீட்டில் புகுந்து ஒரு புள்ளியைக் கெடுக்கும், அந்தப் புள்ளியை நாங்கள் எப்போதும் எடுத்துவிடுவோம். அம்மாவின் தலைமாட்டில் நின்று நான் நினைத்தது இதுதான், வேறொன்றும் தோன்றவில்லை.

அழுகை வரவில்லை. அத்தை வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுதுடுடி. உள்ளயே வெச்சிக்காத. அழுதா மனசு லேசாவும்" என்றாள். வரவில்லை அத்தை என்றேன். பின்னால் யாரோ, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு, படிச்ச பொண்ணு" என்றார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. கோபம்கூட வரவில்லை. மாலையோடு வந்த கைடு கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். தலையை ஆட்டினேன். பறை அடித்தார்கள், பட்டாசு வெடித்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலைக் கழுவிவிட்டேன்.

அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டேன். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஏமாந்து போனார்கள். ஆறுதல் சொல்லத் தயாராக வந்தவருக்கு ஆறுதல் தேவைப்படாத முகத்தைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருக்கும் போல. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர் அடிக்க அம்மாவின் போட்டோ தேவைப்பட்டது. நல்ல போட்டோ ஒன்றும் இல்லை. கல்யாணங்களில் எடுத்தது எல்லாவற்றிலும் யாரோ ஒருவருக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிறாள். தம்பி தன் போனில் தேடித் தேடி ஒன்றை எனக்கு அனுப்பினான். ஆயுத பூஜைக்கு ஸ்டேட்டஸ் வைக்க எடுத்தது.

"இது நல்லா கீதுக்கா. சிரிக்குது. மூஞ்சிய மட்டும் கட் பண்ணச் சொல்லிடலாம்" என்றான்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். படையலுக்குப் பக்கத்தில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரிக்கிறாள். மம்முட்டி, அருவா, அருவாமணை. அதற்கு முன்னால், ஒரு வாழை இலையில், என் தகடுகள். பெட்டிக்கு வெளியே, வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். வெளிச்சம் பட்டு வழுவழுவென்று மின்னின. அம்மாவின் கையில் எண்ணெய்த் துணி.

பெட்டியோடு மூடி வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று திறந்திருப்பாள். இரும்பு என்றால் எண்ணெய் போட்டுத் துடைப்பதுதானே. நான் எதற்காகப் படிக்கிறேன் என்றும் அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் பொட்டைத் துடைத்து, புடவைத் தலைப்பால் பளபளவென்று தேய்த்து, பெட்டியில் அடுக்கி மூடியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். திரையில் ஒரு மேடு வருவதற்கு அதுவே அதிகம்.

போட்டோவில் முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டால் தகடுகள் போய்விடும். அத்தியாயம் பிழைத்துவிடும். இது எனக்கு உடனே தோன்றியது. "சரிடா, இதையே குடு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். பேனரில் அம்மா தோள் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்ததும் லேபுக்குப் போக ஆரம்பித்தேன். கைடு அந்த மேட்டைப் பற்றிய கட்டுரையின் வரைவைத் தயாராக வைத்திருந்தார். அதில் என் சர்க்யூட்டின் படம். புதிதாகச் சேர்த்த எலிமெண்டுக்குக் கீழே ஒரு அம்புக்குறி போட்டு, 'நொச்சிச் சாற்றுப் படலம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தினமும் அதைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் பெரிய யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை, அந்த மே மாதத்தை நினைத்து நினைத்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் அந்த அம்புக்குறியைப் பார்த்தபோது சுருக்கென்று கோபம் வந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தகடாக எடுத்துத் துடைத்தவள் எங்கம்மா, பெயர் மட்டும் நொச்சிக்கா? அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். நேராகக் கைடின் அறைக்குப் போனேன்.

"சார், அந்தத் தகட்டுல எண்ணெய் இருந்திருக்கு."

"எந்தத் தகட்டுல?"

"இலைச்சாத்துல போட்ட எல்லாத்துலயும். ஆயுத பூஜைக்கு எங்கம்மா தொடச்சி வெச்சிருக்காங்க."

போட்டோவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். முதலில் அம்மாவைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன், பிறகுதான் தகடுகளை.

"தொடச்சா எல்லாம் போயிருக்கும்மா. நீ மனசு சரியில்லாம இருக்க. கொஞ்ச நாள் லீவு போடு."

"சுத்தமான தகட்டுல ஒரு வாட்டி போட்டுப் பாத்துடலாம் சார்."

போட்டுப் பார்த்தேன். புதுத் தகடு, புது இலைச்சாறு. ஒரே ஒரு அரைவட்டம். இரண்டாவது எலிமெண்டைச் சேர்த்தால் சாஃப்ட்வேர் வழக்கம் போலத் தலையை ஆட்டி ஒட்டித் தந்தது, ஆனால் அந்த எலிமெண்டின் மதிப்பைவிட அதன் பிழை பல மடங்கு பெரிதாக இருந்தது. அப்படி வந்தால் அந்த எலிமெண்ட் அங்கே இல்லை என்று அர்த்தம். கைடு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது இலை முற்றிப்போயிருக்கும், மழைக்காலத்து இலையில் சத்து அதிகம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆகும் வருஷத்தில் கையில் வந்த நல்ல ரிசல்ட்டை யார்தான் தூக்கிப் போடுவார்கள்? எண்ணெய்தான் காரணம் என்றால் எண்ணெய் தடவிக் காட்டு என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்பாவிடம் கேட்டேன். "ஆயுத பூஜைக்கு அம்மா எந்த எண்ணெய்ல தொடச்சாங்கப்பா? தேங்காண்ணையா, வெளக்குக்கு ஊத்துற நல்லெண்ணையா?"

அப்பா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். "அதெல்லாம் எனுக்கு எப்படிம்மா தெரியும்? உங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றார். சொல்லிவிட்டுக் கை அப்படியே தவிட்டுக்குள் நின்றது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு எண்ணெயையும் தடவிப் பார்த்தேன். துணியால் துடைத்தும் பார்த்தேன், பேப்பரால் துடைத்தும் பார்த்தேன். ஒன்றில் மேடு மலை மாதிரி வந்தது, இன்னொன்றில் புள்ளிகள் கண்டபடி சிதறின. பழைய மேட்டோடு எதுவும் சேரவில்லை. அம்மா எவ்வளவு அழுத்தித் துடைத்தாள், எத்தனை தடவை துடைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பாத்தியா, வேற மாதிரி கீது. எண்ணெய் இல்லம்மா இது" என்றார் கைடு.

"சார், அந்தப் பொட்டியில ஒரு தகடு மிச்சம் இருக்கு. அன்னிக்கு அளக்காம விட்டது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத்த இலைச்சாறு இல்லாம வெறும் தண்ணியில போடு. அப்பவும் மேடு வந்துச்சுன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அந்தத் தகட்டைப் பற்றி அதுவரைக்கும் பேசாமல் இருந்தேன். அது ஒன்றுதான் இருக்கிறது. தண்ணீரில் இறக்கிவிட்டால் பிறகு அந்த எண்ணெய் திரும்பி வராது. மேடு வந்தால் அத்தியாயம் போச்சு, வராவிட்டால் அத்தியாயம் நிற்கும், எப்படி ஆனாலும் தகடு போய்விடும். சில நாள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு ஓரத்தில் மட்டும், தகட்டைச் சுற்றி வார்த்திருந்த பிசினுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் கோட்டில், நூல் அளவுக்குச் சிவப்பாகக் குங்குமம் ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பு அங்கே போய்ச் சேரவில்லை. அம்மா செத்து இத்தனை நாளுக்குப் பிறகும் அந்த இரும்பில் ஒரு புள்ளி துரு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதை எடுத்துக் கிளிப்பில் மாட்டி பாகூர்த் தண்ணீரில் இறக்கினேன். வழக்கமாக இறக்குவது போலத்தான் இறக்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன். சின்ன மேடு எழுந்தது, அதை ஒட்டிப் பெரிய அரைவட்டம். இலைச்சாறு ஒரு சொட்டு இல்லை. பழைய மேடும் இதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. கைடைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரிம்மா. நொச்சி ஒண்ணும் பண்ணலை" என்றார். "இதுவரைக்கும் போதும், மெஷின நிறுத்திடு." கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "நீ சொல்லாம இருந்திருந்தா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்" என்றார். பாராட்டினாரா குறைப்பட்டுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. என் மூன்றாவது அத்தியாயம் அன்றோடு முடிந்தது. அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், இன்றைக்கு வரைக்கும் நான் தீசிஸ் கொடுக்கவில்லை.

மெஷினை நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தடவை அளக்கும்படி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பழைய தகடுகளை ஒரு மணி நேரத்தோடு நிறுத்திவிட்டதால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் பார்த்ததே இல்லை. அடுத்த தடவை மேடு கொஞ்சம் தணிந்திருந்தது. இரண்டு எலிமெண்ட் போட்டேன், ஒட்டியது. அதற்கும் அடுத்த தடவை இன்னும் தணிந்தது. மத்தியானம் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைத் திரைக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தண்ணீர் எண்ணெய்க்குள் வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீருக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்துக்கு மேடு இருந்த இடத்தில் லேசான வளைவுதான் மிச்சம் இருந்தது. இரண்டு எலிமெண்ட் போட்டேன். ஒட்டியது. ஆனால் படலத்துக்கு நேராக இருந்த பிழை அதன் மதிப்பைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு தடவை அளந்தேன், பிழை இன்னும் பெரிதானது. மவுஸை எடுத்து அந்த எலிமெண்டை அழித்தேன். ஒன்றே ஒன்றை வைத்து ஓட்டினேன். கோடு புள்ளிகளின் மேல் வந்து பதவிசாகப் படுத்தது. ஒன்றே போதும் என்றது சாஃப்ட்வேர். பாத்திரத்துக்குள் பார்த்தேன். தகட்டின் நடுவில், சந்தனப் பொட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில், மஞ்சளாக முதல் துரு விட்டிருந்தது.

அப்போதுதான் அழுதேன். அழுகை என்றால் சத்தமில்லாமல் கண்ணீர் விடுவது இல்லை, அத்தை எதிர்பார்த்த மாதிரி, தெருவில் நாலு வீடு தள்ளிக் கேட்கும் மாதிரி. நிறுத்தவும் முடியவில்லை. சத்தம் கேட்டுக் கைடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? ஷாக் கீக் அடிச்சிதா?"

"எங்கம்மா செத்துட்டாங்க சார்" என்றேன்.

மாலை வாங்கிக்கொண்டு அந்தச் சாவுக்கு வந்த மனுஷன் அவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பம்மா?" என்று கேட்டார்.